தொகுப்பு மென்பொருள் ஒன்றும் அது திறக்க மறுத்த கமராக் கோப்புகளும்: எட்டு மாதப் பாவனைக்குப் பின்னான மதிப்பீடு

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் முடிந்த மறுநாட் காலை, இரவு முழுவதும் நின்று எடுத்த பதிவுகளைக் கணினியில் ஏற்றி, அதற்கு முந்திய வாரம் பணம் கொடுத்து வாங்கியிருந்த தொகுப்பு மென்பொருளில் போட்டேன். மேளச் சத்தம் கேட்டது. நேர்த்திக்கடன் செலுத்த வந்த சனத்தின் ஆரவாரம் கேட்டது. பிள்ளையொன்று தாயைத் தவறவிட்டு நிற்பதாக ஒலிபெருக்கியில் சொன்ன அறிவித்தல்கூட ஒரு சொல் பிசகாமல் கேட்டது. படம் மட்டும் வரவில்லை. முப்பத்தெட்டுத் துண்டுகளில் முப்பத்தொன்று கறுப்பாகவே கிடந்தன. ஓடிய ஏழும் எனக்கு உதவியாக வந்த தம்பி தன் பழைய கமராவில் எடுத்தவை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, அந்தியேட்டி என்று எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவன். மென்பொருளின் பெயரையும் அதை விற்ற கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. பெயரை அறிந்து ஒன்றைத் தவிர்த்துவிட்டு, அதே குறையுள்ள இன்னொன்றை வாங்குவதால் யாருக்கும் நன்மை இல்லை. என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே பயன்படும் என்பதால், எந்த வகைக் கோப்பு எந்த இடத்தில் தடுக்கப்பட்டது என்பதை இயன்றவரை துல்லியமாக எழுதுகிறேன்.

ஆயுட்கால உரிமம் என்று சொல்லித்தான் இதை விற்றார்கள். 38,000 ரூபாய் கொடுத்தேன். விளம்பரத் தாளில் 4கே தொகுப்பு, எம்பி4, எம்ஓவி, எம்டிஎஸ் கோப்புகள், எல்லா முன்னணிக் கமராக்களும் என்று அச்சிட்டிருந்தது. கடையில் இருந்த பெடியனும், "அண்ணை, சோனி, கெனன், பானசோனிக் எல்லாத்துக்கும் வேலை செய்யும், யோசிக்காமல் கொண்டு போங்கோ" என்றான். அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தாளில் இருந்ததையே அவன் சொன்னான். அந்தத் தாள்தான் ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தது, அந்த விடயத்தில்தான் என் வைகாசிப் பொங்கல் சிக்கிக்கொண்டது.

எம்பி4 என்பது ஒரு சாக்கு. சாக்கின் வெளிப்புறத்தைப் பார்த்து உள்ளே இருப்பது நெல்லா, உழுந்தா, கச்சானா என்று யாராலும் சொல்ல முடியாது. படத்தை அமுக்கி வைக்கும் முறை, அதாவது கோடெக், தனியானது. அந்த முறைக்குள்ளும் எத்தனை பிட், நிறத்தை எவ்வளவு நெருக்கமாக எழுதியிருக்கிறது என்ற வேறுபாடுகள் உண்டு. 2003இல் தரமாக்கப்பட்ட எச்.264 முறையையே இன்றும் பெரும்பாலான கமராக்கள் பயன்படுத்துகின்றன. 2013இல் வந்த எச்.265, ஏறக்குறைய அதே தரத்தைப் பாதியளவு இடத்தில் அடக்குவதற்காக உருவாக்கப்பட்டது. இரண்டும் எம்பி4 என்ற ஒரே சாக்குக்குள் வரும். ஆகவே எம்பி4 கோப்புகளை ஏற்கும் என்று மட்டும் ஒரு மென்பொருள் சொன்னால், வாங்குபவனுக்கு அது பயனுள்ள எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

என் கமரா 2021இல் வெளிவந்த சோனி ஆல்பா 7 மார்க் 4. அதில் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பெயரில் எச்.264 பதிவும், எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்ற பெயரில் எச்.265 பதிவும் உண்டு. இரண்டிலும் 10 பிட், 4:2:2 தெரிவு உண்டு. இந்த எண்களின் பொருளைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனெனில் முழுப் பிரச்சினையும் இதற்குள்தான் இருக்கிறது. கமரா ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தின் அளவை எழுதுகிறது. நிறத்தை மட்டும் எல்லாப் புள்ளிகளுக்கும் எழுதுவதில்லை. 4:2:0 முறையில், இரண்டுக்கு இரண்டாக அடுக்கிய நாலு புள்ளிகளுக்கு ஒரு நிறக் குறிப்புத்தான் கிடைக்கும். 4:2:2 முறையில் அதே நாலு புள்ளிகளுக்கு இரண்டு நிறக் குறிப்புகள் கிடைக்கும். சிவப்புக் கூறைச் சேலையின் சரிகைக் கரையைக் கிட்ட வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: 4:2:0 பதிவில் சிவப்பு, கரையைத் தாண்டிச் சற்றே கசிந்து நிற்கும், 4:2:2 பதிவில் சரிகை சரிகையாகவும் சிவப்பு சிவப்பாகவும் பிரிந்து நிற்கும்.

பிட் என்பது நிறத்தின் படிகள். 8 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். 10 பிட் என்றால் 1,024. பகலில் வெளியே எடுத்த படத்தை அப்படியே கொடுப்பதென்றால் 256 போதும். இரவில், தீவெட்டி வெளிச்சத்தில், பிறகு நிறம் திருத்தும் எண்ணத்தோடு எஸ்-லொக்3 என்ற, பிறகு நிறம் திருத்துவதற்கென்றே மங்கலாகப் பதியும் முறையில் எடுத்தால் போதாது. வற்றாப்பளையில் அன்றிரவு ஒரு முதிய அம்மா கற்பூரச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி என் கமராவுக்கு ஆறடி தூரத்தில் நின்றார். சுவாலைக்கும் அவர் முகத்துக்கும் இடையில் மஞ்சள், செம்மஞ்சள், மண்ணிறம் என்று வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கி, முகத்தைத் தாண்டி நந்திக்கடல் பக்கத்து இருட்டில் போய்க் கலந்தது. அந்த இறக்கத்தை உடையாமல் காட்டுவதற்காகத்தான் நான் 10 பிட் தெரிவில் எடுத்திருந்தேன். இந்த மென்பொருள் அதைத்தான் கறுப்பாகக் காட்டியது.

படம் இல்லாமல் ஒலி மட்டும் வந்த காரணத்தைப் பிறகு விளங்கிக்கொண்டேன். சோனி இந்தக் கோப்புகளில் ஒலியை அமுக்காத பிசிஎம் முறையில் எழுதுகிறது. தொகுப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் அதைப் படித்துவிடும். படத்தை விரிக்கும் பகுதி 8 பிட் 4:2:0 எச்.264 வரைக்கும்தான் இதில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு மேற்பட்டது வந்தால் மறுக்கிறது.

அதன் பின்னர் ஒவ்வொரு வகையிலும் ஒரு நிமிடத் துண்டு எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். எக்ஸ்ஏவிசி எஸ் 4கே, 25 பிரேம் (நொடிக்கு 25 படங்கள்), 8 பிட், 4:2:0 துண்டு குறையில்லாமல் ஓடியது. வெட்டு, ஒட்டு, மெதுவோட்டம் எல்லாம் விரைவாக நடந்தன. அதே வகை, அதே 25 பிரேம், 10 பிட் 4:2:2 என்று மாற்றினால் ஒலி மட்டும். எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4:2:0 துண்டு முதலில் திறக்கவில்லை. விண்டோஸ் கணினிக்கு மைக்ரோசொஃப்ட் 0.99 டொலருக்கு விற்கும் எச்.265 நீட்சியை வாங்கிப் போட்ட பிறகு திறந்தது, ஆனால் நகரும்போது விக்கி விக்கித்தான் நகர்ந்தது. நொடிக்கு 25 அல்லது 50 பிரேம் என்று பதியும் பால் (PAL) முறையில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4கே வகைக்கு 25 பிரேம் தெரிவே இல்லை, 50 பிரேம்தான் என்பதால் சுமை இரட்டிப்பாகிறது என்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும்.

எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4:2:2 துண்டைப் போட்டபோது நடந்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. "கோப்பு பழுதடைந்துள்ளது" என்று ஒரு செய்தி வந்தது. கோப்புப் பழுதடையவில்லை, விஎல்சி பிளேயரில் அதே கோப்பு முழுதாக ஓடுகிறது. தனக்குப் படிக்கத் தெரியாத ஒன்றைப் பழுது என்று சொல்வது, இந்தத் தொழிலில் சிறிய தவறல்ல. ஒரு கலியாண வீட்டு மெமரி காட்டைப் போட்டு இந்தச் செய்தியைப் பார்க்கும் ஒருவன் என்ன செய்வான்? பதறிப்போய், மீட்பு மென்பொருள் எதையாவது இறக்கி அந்தக் காட்டிலேயே ஓட்டுவான். அல்லது காட் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவான். என் ஊரில் அப்படி அழிபடக்கூடிய பதிவுகள் எப்படிப்பட்டவை என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் வெறுங்கையோடு முகாமுக்குப் போன குடும்பங்களில், கலியாண ஆல்பம் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். தாயின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத வீடுகளுக்கு நான் வீடியோ எடுக்கப் போயிருக்கிறேன். அங்கே ஒரு பதிவைப் பழுது என்று பிழையாகச் சொல்லும் மென்பொருளை நான் எப்படிப் பரிந்துரைப்பது?

பழைய ஹண்டிகாம் கோப்புகளையும் சோதித்தேன், ஏனெனில் வன்னியில் இரண்டாவது கமராவாக இன்னும் அவைதான் பல இடங்களில் நிற்கின்றன. சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறை அது; கோப்பின் பெயர் எம்டிஎஸ் என்று முடியும். இந்த மென்பொருள் அவற்றைத் திறந்தது. ஆனால் நீண்ட பதிவை அந்தக் கமரா தானாகவே துண்டு துண்டாகப் பிரித்து எழுதும், அந்தத் துண்டுகளை இணைக்கும் விபரம் கோப்புறைகளில் வேறாக இருக்கும்; அந்த விபரத்தை இந்த மென்பொருள் பார்ப்பதே இல்லை. அதனால் தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போது இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு சொல்லின் நடுப்பகுதி விழுங்கப்பட்டது. கமராவில் இருந்து கோப்பை மட்டும் தனியாக எடுக்காமல் முழுக் கோப்புறையையும் அப்படியே படியெடுத்து, கமரா நிறுவனம் தரும் இறக்குமதி மென்பொருளால் சேர்த்த பின்பே இதற்குள் கொண்டுவர வேண்டும்.

கைத்தொலைபேசிக் காட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 தொடக்கம் ஐபோன்கள் எச்.265 முறையிலேயே பதிவு செய்யும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒன்று இருக்கிறது. புதுக்குடியிருப்பில் நடந்த ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் வேளை, சுற்றி நின்ற சனத்தால் என் இரண்டு கமராக்களும் மறைக்கப்பட்டுவிட்டன. மாப்பிள்ளையின் தமையன், சுவிஸிலிருந்து வந்தவர், மணவறைக்குப் பின்னால் நின்று தன் போனில் எடுத்த காட்சிதான் கிடைத்தது. அதைக் கேட்டு வாங்கி டைம்லைனில் வைத்தேன். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஏழாவது நிமிடத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பார்த்தால், தவில்காரரின் கை இன்னும் இறங்கவில்லை, சத்தம் வந்துவிட்டது. கை தோலைத் தொடும்போது அடுத்த அடியின் சத்தம் கேட்கிறது. போன்கள் நொடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்றபடி கூடிக் குறையும். நல்ல தொகுப்பு மென்பொருள் ஒவ்வொரு பிரேமின் நேரக் குறிப்பையும் பார்த்து அதன் இடத்தில் வைக்கும். இது சராசரியை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சம இடைவெளியில் அடுக்கிவிடுகிறது. நாலு நிமிடத்துக்கு உட்பட்ட துண்டுகளில் பிழை தெரியாமல் போவதால், வாங்கும்போது செய்யும் அவசரச் சோதனையில் இது பிடிபடாது. ஐபோனில் எடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்ல முடிந்தால், கமரா அமைப்புகளில் பால் வடிவங்களைக் காட்டும் தெரிவைப் போட்டு 25 பிரேமில் எடுக்கச் சொல்லலாம். மண்டப விளக்குகளின் துடிப்பும் அதனால் குறையும்.

இதற்கெல்லாம் தீர்வாக நிறுவனம் சொல்வது, கோப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். உதவி கேட்டு எழுதிய மூன்றாம் நாள் வந்த பதிலில் அந்த ஒரு வரிதான் இருந்தது. உரிம எண்ணைப் பதிந்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்பது இரண்டாவது வரி. மாற்றுவது முடியாத காரியமல்ல. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி ஏறக்குறைய எந்தக் கமராவின் கோப்பையும் படிக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்துவரும் கருவி அது. அதன் மேல் பொத்தான்கள் வைத்த ஷட்டர் என்கோடர் போன்றவையும் இலவசம். ஆனால் மாற்றுவதற்கான விலையை யாரும் சொல்வதில்லை. என் கமராவின் 4கே, 25 பிரேம், 10 பிட் 4:2:2 பதிவு நொடிக்கு 140 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 63 கிகாபைட். அதைக் கண்ணுக்குத் தெரியும்படி தரம் குறையாமல், தொகுப்புக்கென்று ஆப்பிள் உருவாக்கிய புரோரெஸ் 422 முறைக்கு மாற்றினால் நொடிக்கு ஏறக்குறைய 492 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 221 கிகாபைட். ஒரு கலியாணத்தில் மூன்று மணி நேரம் எடுத்தால் மாற்றிய கோப்புகள் மட்டும் 660 கிகாபைட்டைத் தாண்டும். மூலக் கோப்புகளையும் சேர்த்தால் ஒரு டெராபைட் டிஸ்க் ஒரே கலியாணத்தோடு ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது.

நேரமும் போகிறது. என் கணினியில் ஒரு மணி நேரப் பதிவை மாற்ற இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கிறது. இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் விடிய முடிந்திருக்கும் என்று நினைப்போம். மாரி காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு காற்றடித்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எம்ஓவி, எம்பி4 கோப்புகளில் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழமையாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. ஆகவே தொண்ணூறு வீதம் முடிந்த பின் மின்சாரம் நின்றாலும், அந்தத் தொண்ணூறு வீதமும் ஓடாது. பல துண்டுகளை ஒரே கோப்பாகச் சேர்த்து மாற்றாமல், ஒவ்வொரு துண்டையும் தனித்தனிக் கோப்பாக மாற்றுவதே பாதுகாப்பு. ஒன்று போனாலும் மற்றவை மிஞ்சும். ஐப்பசியில் இரண்டு இரவுகளை இழந்த பின்தான் நான் இந்த வழக்கத்துக்கு வந்தேன்.

இடத்தை மிச்சம் பிடிக்க நினைத்து, வைகாசிப் பொங்கல் பதிவுகளை முதலில் 8 பிட் எச்.264 ஆக மாற்றியிருந்தேன். மென்பொருள் அவற்றை உடனே ஏற்றுக்கொண்டது. நிறம் திருத்தத் தொடங்கியதும் அந்த அம்மாவின் கற்பூரச் சட்டியைச் சுற்றி வளையங்கள் தோன்றின. வெளிச்சம் மெல்ல இறங்கிய இடத்தில் படிக்கட்டு வைத்ததுபோல மஞ்சள் ஒரு கோடு, செம்மஞ்சள் ஒரு கோடு, மண்ணிறம் ஒரு கோடு. சுவாலை அசையும்போது கோடுகளும் கூடவே அசைந்தன. கன்னத்துச் சுருக்கங்களுக்கு மேலே அந்தக் கோடுகள் ஊர்ந்ததைப் பார்த்துவிட்டு, அவர் வீட்டாருக்குக் கொடுப்பதாகச் சொன்ன காட்சியை நான் அன்று கொடுக்கவில்லை.

புரொக்சி என்று ஒரு வசதி இதில் இருக்கிறது. பாரமான கோப்புக்குப் பதில் சிறிய நகலை வைத்துத் தொகுத்துவிட்டு, முடிவில் மூலத்துக்கு மாற்றிக்கொள்வது. கேட்க நல்லது. ஆனால் நகலை உருவாக்குவதும் அதே விரிக்கும் பகுதிதான் என்பதால், திறக்க முடியாத கோப்புக்கு நகலும் உருவாகாது. வெளியில் செய்த நகலைக் கொண்டுவந்து மூலத்தோடு இணைக்கவும் இது விடாது.

கிராபிக்ஸ் காட் வாங்கினால் சரியாகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். அது வேறு விடயம், அதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. என்னிடம் உள்ள என்விடியா 30 வரிசைக் காட் எச்.265 4:2:0 பதிவுகளைத் தானே விரிக்கும், 4:2:2 பதிவுகளை விரிக்காது; 2025இல் வந்த 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. இன்டெல் 11ஆம் தலைமுறைச் சிப்களின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி எச்.265 10 பிட் 4:2:2 பதிவை விரிக்கும். ஆகவே விலையுயர்ந்த காட் போட்ட மேசைக் கணினியைவிடச் சாதாரண இன்டெல் மடிக்கணினி சில வேளைகளில் சீராக ஓட்டும். இவை எல்லாம் வேகத்தைப் பற்றியவை. மென்பொருளுக்குள் படிக்கும் வழியே இல்லாதபோது எந்தக் காட்டும் உதவாது; நண்பர் ஒருவரின் 11ஆம் தலைமுறை மடிக்கணினியில் போட்டும் அதே கறுப்புத் திரைதான் வந்தது.

ஏன் ஒரு நிறுவனம் இந்தக் கோப்புகளை விட்டுவிடுகிறது என்று கேட்டால், சோம்பல் மட்டும் காரணம் இல்லை. எச்.264, எச்.265 இரண்டுமே காப்புரிமைக் கட்டணத்துக்கு உட்பட்டவை, எச்.265க்கு உரிமை கோரும் தரப்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. மலிவாக விற்கும் நிறுவனம் அந்தச் செலவைத் தவிர்க்க இயங்குதளம் தருவதையே நம்பியிருக்கும். அதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அதை வாங்குபவனுக்கு முன்பே சொல்ல வேண்டும். டாவின்சி ரிசோல்வ் மென்பொருளை வெளியிடும் பிளக்மஜிக் நிறுவனம், எந்த இயங்குதளத்தில், இலவசப் பதிப்பா கட்டணப் பதிப்பா என்று பிரித்து, எந்தக் கோடெக்கைப் படிக்கும், எதைப் படிக்காது என்று ஒரு பட்டியலையே வெளியிடுகிறது. அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 எதையும் திறக்காது. விண்டோஸில் என் கமராவின் 10 பிட் 4:2:2 பதிவுகளுக்கு 295 டொலர் கட்டணப் பதிப்புத்தான் வேண்டும். அது நம் பணத்தில் சின்னத் தொகை இல்லை. ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை எனக்குக் கிடைக்கிறது. நான் வாங்கிய மென்பொருள் அந்த உரிமையை எனக்குத் தரவில்லை.

இதில் நல்லவையும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. தமிழ் எழுத்துத் தலைப்புகள் உடையாமல் வருகின்றன. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. வேறு சில மென்பொருள்களில் "சௌபாக்கியவதி" என்று அழைப்பிதழில் இருப்பதைத் தலைப்பில் கொண்டுவருவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ஒலி கலக்கும் பகுதியும் எளிது. ஒலிபெருக்கி இரைச்சலைக் குறைக்கும் கருவி எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கிறது. 8 பிட் எச்.264 பதிவு மட்டும் தரும் கமரா வைத்திருந்து, போன் காட்சிகளைக் கலக்காமல், பகல் நிகழ்ச்சிகளையே அதிகம் எடுக்கும் ஒருவருக்கு இது கொடுத்த காசுக்குப் பெறுமதியானதாகவே இருக்கும்.

10 பிட் கமரா வைத்திருப்பவர் இதை வாங்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர், கமராவை எக்ஸ்ஏவிசி எஸ் 8 பிட் 4:2:0 தெரிவுக்கு மாற்றி எடுக்கலாம். அப்படி எடுக்கும்போது எஸ்-லொக்3 முறையைத் தொடாமல் இருப்பது முக்கியம், 256 படிகளுக்குள் அதைப் பிழிந்தால் வானமும் சுவரும் கோடு கோடாகப் பிரியும். வேறு எதையாவது வாங்க நினைப்பவர், கமரா, போன், ஹண்டிகாம் என்று தான் உண்மையில் பயன்படுத்தும் எல்லாவற்றிலும் எடுத்த துண்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்; அதில் ஒன்றாவது பத்து நிமிடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதிலே யாராவது கை தட்டுவதோ மேளம் அடிப்பதோ தெரிய வேண்டும். கடைக்காரர் போட்டுக் காட்டத் தயங்கினால் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

எட்டு மாதத்தில் இரண்டு புதிய பதிப்புகள் வந்தன. இரண்டிலும் புதிய மாற்றக் காட்சிகளும் பாட்டுகளும் சேர்ந்தன. என் துண்டுகள் இன்னும் கறுப்பாகவே கிடக்கின்றன, அந்தப் "பழுது" செய்தியும் அப்படியே வருகிறது. பொங்கல் பதிவின் மூலக் கோப்புகளை இரண்டு டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன். தீவெட்டி வெளிச்சத்தில் எடுத்த பகுதிகளை மட்டும் புரோரெஸுக்கு மாற்றி, நண்பரின் கணினியில் வேறு மென்பொருளில் மீண்டும் தொகுத்தேன். சுவாலையைச் சுற்றி வளையம் இல்லை. அந்த அம்மாவின் மகள் முள்ளியவளையில் இருக்கிறார். போன கிழமை பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.